ஒரு சாண் உயரத்தில்

பாஸ்போர்ட்டைப் பனியனுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு விமானம் ஏறியவன் நான். மாஸ்கோவில் அதிகாரி கேட்டபோது அவர் முன்னாலேயே சட்டையைக் கழற்ற வேண்டியதாயிற்று. அப்படி எதற்கும் பயம்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பழைய கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அதைக் கழித்துவிட்டு ரஷ்யாவிலிருந்து புதிது வாங்கினார்கள். பழகிவர என்னையும், சரக்குக்குச் சங்கிலி மாட்டும் வண்ணாரப்பேட்டைப் பாயையும் கருங்கடல் ஓரத் துறைமுகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். முடிவில் ஒரு பரீட்சை. தேறினால் புது கிரேன் எனக்கு. தவறினால் வேறொருவன் ஏறுவான். நான் மறுபடியும் கீழே நின்று கயிறு இழுக்க வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்பாளர் தமிழைப் புத்தகத்தில் கற்ற ரஷ்ய இளைஞர். "தாங்கள் நலமாக உறங்கினீர்களா?" என்று தினமும் கேட்பார்.

"இன்னா மாமு, கல்வெட்டுக்கு வாய் வந்துகீது!" என்பான் பாய்.

எங்களுக்கு ஓட்டிக் காட்டியவர் ஒரு பெண். கிரேனில் பெண் ஏறி அதுவரை நான் பார்த்ததில்லை. முப்பது வயதிருக்கும், தலையில் பூப்போட்ட துணி. பனி உறைந்த இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறிவிடுவார். அவர் பாரம் இறக்கினால் தரையில் பட்ட சத்தமே வராது. சங்கிலி தொய்வதைப் பார்த்துத்தான் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வோம். தூக்கும்போது மட்டும் ஒரு சாண் எழும்பியதும் நிறுத்துவார். பையிலிருந்து சூரியகாந்தி விதை எடுத்துக் கொறிப்பார். பிறகு மேலே ஏற்றுவார். ராணி மாதிரி வேலை செய்கிறாரே, நினைத்தபோது தீனி என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ரொம்பப் பாக்காத மாமு. கீழ கொக்கி மாட்டிகினு கீறாரு பாரு, அவருதான் வூட்டுக்காரரு."

எனக்கும் அப்படி ஒரு சாணில் நிறுத்தும் பழக்கம் உண்டு. விதைக்காக இல்லை, பயத்தில். சங்கிலி நழுவுமோ, பிரேக் விடுமோ என்று. எண்ணூரில் எங்கள் மேஸ்திரி, "லோடு தூக்குறியா, தொட்டில் ஆட்டினு கீறியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். பரீட்சையில் ஒரே மூச்சில் தூக்கிவிடுவது என்று சபதம் செய்துகொண்டு கூண்டில் ஏறினேன்.

பெரிய இரும்புக் கட்டை. லிவரை இழுத்தேன். எழும்பியது. கீழே பாயின் குரங்குக் குல்லா தெரிந்தது. என் கை தானாக நிறுத்திவிட்டது.

அங்கிருந்த போர்மேன் அண்ணாந்து ஏதோ கத்தினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"ஏன் நிறுத்தினீர் என்று வினவுகிறார்!" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பொய் சொல்லக்கூட வரவில்லை. "பயமா கீது!" என்று கத்தினேன்.

அவர் அதை அப்படியே ரஷ்ய மொழியில் சொன்னார். போர்மேன் சிரித்துத் தலையாட்டினார். "நன்று! தொடர்க!"

தேறிவிட்டேன். ஏணியில் இறங்கி வந்த பிறகுதான் விளக்கினார்கள்: பாரம் தரையை விட்டதும் நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது அங்கே கட்டாயமாம். ஒரே மூச்சில் தூக்கியிருந்தால் அப்போதே என்னைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டிருப்பார்கள். அந்த அம்மா விதை கொறித்ததும் அந்தக் காத்திருப்பில்தான்.

என்னால் நம்ப முடியவில்லை. "உங்களுக்குமா பயம்?" என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மா கணவரைக் கையால் காட்டி ஏதோ சொன்னார்.

"கீழே நிற்பவர் என் கணவர், அஞ்சாமல் எங்ஙனம் தூக்குவேன் என்கிறார்."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்போ நான் இன்னா, உன் பொண்டாட்டியா?"

மொழிபெயர்ப்பாளர் முகத்தை மாற்றாமல் அதையும் அந்த அம்மாவிடம் ரஷ்ய மொழியில் சொல்ல ஆரம்பித்தார். தடுக்க எனக்குத் தோன்றவேயில்லை.