வெள்ளைக்காரர் பசித்திருந்த படம்

தெஹியோவிட்டைக்கு மேலே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அமெரிக்காவைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். பெயர் முத்துவீரன். தோட்டத்து ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழியும் கறையும் பார்த்துத் தரம் பிரிப்பது அவருடைய வேலை. அவிசாவளையில் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவர். தகப்பன் இறந்ததும் படிப்பு நின்றது, ஆங்கிலம் நிற்கவில்லை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குச் சாமான் சுற்றி வரும் ஆங்கிலப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி, கையால் நீவி விரித்து, கிழிந்த இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று தானே ஊகித்துப் படிப்பார். படித்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அறுபத்து நான்காம் ஆண்டிலிருந்து வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை கொழும்பிலிருந்து அமெரிக்கத் தூதரகத்துப் படவண்டி வரத் தொடங்கியது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், இரண்டு கமுகங்கழிகளுக்கு நடுவே வெள்ளைத் திரை கட்டுவார்கள். இருட்டியதும் படம். கதைப்படம் அல்ல. அமெரிக்காவில் கோதுமை விளைவது எப்படி, பள்ளிக்கூடத்துக்குப் பஸ் வருவது எப்படி, கறுப்பின மக்கள் கோயிலில் பாடுவது எப்படி, ஆற்றை மறித்து அணை கட்டியது எப்படி என்று உள்ளதைக் காட்டும் படங்கள். பேச்சு முழுக்க ஆங்கிலம். வண்டியோடு வரும் ஜுனைதீன் சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கை முத்துவீரனிடம் நீட்டிவிடுவார்.

“நீங்களே சொல்லுங்க தம்பி. எனக்கு இந்த மெஷினோட மல்லுக்கட்டவே நேரஞ் சரி.”

ஒவ்வொரு படத்துக்கும் தட்டச்சு செய்த தாள் ஒன்று வரும். முத்துவீரன் அதைப் பகலிலேயே வாங்கிப் படித்துவிடுவார். ஆனால் தாளில் இருக்கிறபடி சொல்ல மாட்டார். எதையும் தோட்டத்தால்தான் அளப்பார். “இந்தக் கோதுமைக் காடு நம்ம தோட்டம் மாதிரி முந்நூறு தோட்டம்.” “இந்தக் கட்டடம் நம்ம ஸ்டோருக்கு மேல ஸ்டோரா நாப்பது ஸ்டோர்.” உடனே கூட்டத்திலிருந்து கேள்வி பறக்கும்.

“அத்தன மாடிக்கும் தண்ணி யாரு தூக்குறது?”

“கொழாயில ஏறும்மா.”

“அங்கயும் கங்காணி இருக்கானாண்ணே?”

“இருக்கான். ஆனா காற்சட்ட போட்டிருக்கான்.”

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த காட்சி ஓடியிருக்கும். இப்படியே இரண்டு வருஷத்தில், அமெரிக்கா எங்கள் ஆட்களுக்கு இரத்தினபுரியைவிடப் பழக்கமான ஊராகிவிட்டது.

அறுபத்தாறில் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் இந்தியாவுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆளைப் போடுவது துரை. முத்துவீரனுக்கு அந்த வேலை மீது எட்டாம் வகுப்பிலிருந்தே கண். வேலையோடு பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு வீடும் உண்டு. இரண்டு அறை, சமைக்கத் தனிக் குசினி, இரண்டு பக்கமும் ஜன்னல். அவர் மனைவி ஜெயம்மா அந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் சீலை போடுவது என்பது வரை யோசித்து வைத்திருந்தாள். வரிசை வீடான லயத்தில், ஜன்னலில்லாத ஒற்றைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஜன்னல் சின்ன விஷயமில்லை. மனுப் போட்டாயிற்று. “படம் காட்டுற அண்டைக்குத் துரையும் வாறார். நீர் பேசிற விதத்தைப் பாத்துத்தான் முடிவாம்” என்று பெரிய கிளாக்கர் மயில்வாகனம் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர்தான்.

படம் காட்டும் அன்று வண்டி மத்தியானமே வந்துவிட்டது. தாள் இம்முறை முதலில் கிளாக்கர் கையில் கிடைத்தது. அவர் முத்துவீரனை ஆபீசுக்கு அழைத்தார்.

“இஞ்ச வாரும். இதில என்ன எழுதிக்கிடக்கெண்டு பாத்தீரே?”

தாளில் இருந்தது முப்பது வருஷத்துக்கு முந்திய கதை. அமெரிக்காவின் நடுப்பகுதியில் மழை பொய்த்து, மண் புழுதியாகப் பறந்து, ஆயிரக்கணக்கான குடியானவர்கள் நிலத்தை இழந்து, மேற்கே வேலை தேடிப் போனது. வழியில் பசியில் கிடந்தது. பிறகு அரசாங்கம் மண்ணைக் காக்க வழி கண்டது. முடிவில் பச்சை வயல்.

“நல்ல படமாத்தானுங்க ஐயா இருக்கு.”

“நல்ல படமோ? அதுகள் வெள்ளைக்காரர், காணும்! வெள்ளைக்காரன் சாப்பாட்டுக்கு இல்லாம றோட்டில கிடந்தானெண்டு, துரையும் துரைசாணியும் கதிரை போட்டு இருக்கேக்க, மைக்கில சொல்லப் போறீரே? நாளைக்கு இந்தச் சனம் துரைக்கு மரியாதை குடுக்குமோ?”

“அப்ப என்னாங்க சொல்றது?”

“ஊர் சுத்திப் பாக்கப் போகினம் எண்டு சொல்லும். முடிவில வாற பச்சை வயலை நல்லா விரிச்சுச் சொல்லும். உமக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?”

முத்துவீரன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஜெயம்மாவிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்து, சொம்பில் நெருப்புத்தணல் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள்.

களம் நிறைந்துவிட்டது. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆட்களும் வேலியோரம் வந்து நின்றார்கள். முன்வரிசையில் இரண்டு நாற்காலி, துரையும் துரைசாணியும். எங்கள் துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக விளங்கும்.

திரையில் கறுப்பாகப் புழுதி எழுந்து வந்தது. ஒரு வீடு அரைச் சுவர் வரை மண்ணில் புதைந்து கிடந்தது. ஒரு குடும்பம் பழைய காரின் மேல் மெத்தையையும் சட்டிபானையையும் கோழிக்கூட்டையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தது.

“புழுதிக் காத்து அடிச்சதால இவங்கள்லாம் கொஞ்ச நாளைக்கு ஊர் சுத்திப் பாக்கப் போறாங்க” என்றார் முத்துவீரன். அவருடைய குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்ததாம். “கூடாரம் அடிச்சுத் தங்குறது அவங்க வழக்கம்.”

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் பஞ்சவர்ணம் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாயாடி என்று பெயரெடுத்தவள்.

“ஊர் பாக்கப் போறவ கோழிக்கூட்ட எதுக்குக் கட்டிக்கிட்டுப் போறா?”

“முட்ட திங்கத்தான்டி” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. முத்துவீரனும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

அடுத்து ரோட்டோரக் கூடாரம். ஒரு பெண், முப்பது வயது இருக்கும், முகம் ஐம்பதுக்குக் காய்ந்திருந்தது. சட்டியைச் சாய்த்து வழித்து, கடைசிக் கரண்டியைச் சின்னப் பிள்ளையின் வாயில் வைத்தாள். வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்பது போலத் திரும்பிக்கொண்டு தன் விரலை நக்கினாள்.

களத்தில் பெண்கள் பக்கம் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று. அதில் முக்கால்வாசிப் பேர் அந்த வாரத்தில் ஒரு தடவையாவது செய்த காரியம் அது.

“அவ திங்கல” என்றாள் பஞ்சவர்ணம். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

வேலியோரத்தில் ஒரு கிராமத்துக் கிழவர், “அனே, ஏ மினிஸ்ஸுன்ட்ட படகினி” என்றார். அந்த மனிதர்களுக்குப் பசி. அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, முத்துவீரன் சொன்ன தமிழும் சரியாக விளங்காது.

“முத்துவீரண்ணே, மெய்யச் சொல்லுங்க” என்று பஞ்சவர்ணம் எழுந்தே நின்றுவிட்டாள். “அதுகளுக்குப் பசியா, இல்லியா?”

முத்துவீரன் நாற்காலிகள் பக்கம் பார்த்தார். அவற்றுக்குப் பின்னால் கைகட்டி நின்ற கிளாக்கரைப் பார்த்தார். திரையில் அந்தப் பெண் இன்னும் இருந்தாள்.

“பசிதாம்மா” என்றார். “மொதல்ல நான் சொன்னது பொய். மழ இல்ல. நெலம் போச்சு. கடன்காரன் வீட்ட விட்டு எறக்கிட்டான். வேல தேடிப் போறாங்க.”

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தாளைப் பார்க்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். போன இடத்தில் மாநில எல்லையில் பொலிஸ் மறித்து, இங்கே உங்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பியதையும் சொன்னார்.

“அவங்க நாட்டுலயேவா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அவங்க நாட்டுலயேதான்.”

அதற்குப் பிறகு பச்சை வயல் வந்தபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தோட்டத் தமிழரில் பாதிக்கு மேல் இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்த காலம். எங்களில் பலர் அப்போது, நீ இந்தியனா இலங்கையனா என்று கேட்கும் தாள்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

மறுநாள் காலை துரை ஆபீசுக்கு அழைத்தார். முத்துவீரன் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போய் நின்றார். கிளாக்கர் தன் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

“மொத ஒண்ணு சொன்னே. பொறகு வேற சொன்னே. எது நெசம்?”

“ரெண்டாவது சொன்னதுங்க துரை.”

“எனக்குத் தெரியும். அந்தக் காலத்துல எங்க ஊர்லயும் பசி இருந்துச்சு.” துரையின் முகத்தில் கோபம் இல்லை. “அப்போ மொதல்ல பொய் ஏன்?”

உடனே அடுத்த கேள்வியையும் போட்டார்.

“யாரு சொல்லச் சொன்னது?”

கிளாக்கரின் பேனா நின்றது. முத்துவீரனுக்கு அது கண்ணில் பட்டது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். இரண்டு அறை, இரண்டு பக்கமும் ஜன்னல்.

“யாருமில்லீங்க. நான்தான்.”

துரை மேசையிலிருந்த மனுவை ஒதுக்கி வைத்தார். “பொய் சொல்ற ஆளு புள்ளைங்களுக்கு வாத்தியா இருக்கக் கூடாது. ஸ்டோருக்குப் போ.”

அடுத்த மாதம் அவிசாவளையிலிருந்து ஒரு வாத்தியார் வந்து அந்த வீட்டில் குடியேறினார். முத்துவீரன் ஷீட்டுத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். படவண்டி வந்தபோதெல்லாம் மைக்கும் பிடித்தார். ஆனால் வேறெந்த வேலைக்கும் மனுப் போடவில்லை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரைமார் போய், கிளாக்கரும் யாழ்ப்பாணத்துக்குப் போன பிறகும் போடவில்லை.

எழுபத்தொன்பதில் நான் ஊருக்குப் போயிருந்தபோது முத்துவீரனிடம் இதைக் கேட்டேன். இங்கே தூரதேசத்தில் இருந்துகொண்டு இப்போது எழுதும் கடிதங்களுக்கு அவரிடமிருந்து பதில் வருவதில்லை. அன்று கேட்டுவைத்தது நல்லதாயிற்று. ஜெயம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏண்ணே அன்னைக்குக் கிளாக்கர் பேரச் சொல்லல?” என்றேன்.

“சொல்லியிருந்தா? நம்ம ஆளுகளோட பெறப்பு எழுதின பொஸ்தகம் அந்தாளு அலமாரியிலதான இருந்துச்சு. பிரஜாவுரிமைக்கு ஆளாளுக்குப் பெறப்புத் துண்டு கேட்டு அவர்கிட்டத்தான போகணும்? எம்மேல உள்ள கோவத்த அதுங்க மேல காட்டியிருப்பாரு.” பிறகு, “அதோட, அவரு சொல்லச் சொன்னாரு, சரி. சொன்னது என் வாய்தானே?” என்றார்.

நல்ல பதில்கள்தான். எனக்குத் திருப்தியாக இருந்தது. ஜெயம்மாவுக்கு இல்லை.

“ரெண்டுமில்ல தம்பி” என்றாள், கோப்பையை என் முன்னால் வைத்துக்கொண்டே. “பயம். கிளாக்கர் அந்தா பக்கத்துலயே குந்தியிருக்காரு. வாய் வருமா? இந்த மனுசனுக்கு மைக்கு கையில இருந்தாத்தான் தைரியம்.”

முத்துவீரன் மறுப்பார் என்று பார்த்தேன். அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டு, “அதுவுந்தான்” என்றார்.