மெத்தையின் ஓரம்

எங்கள் கடை மெத்தைக்கு வெள்ளை உறை. பட்டுக்கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அது தெரிந்திருக்கும். சுவரை அடைத்துப் புடவை அலமாரி, அதன் முன்னால் முழங்கால் உயரத்துக்கு மரமேடை, மேடை முழுக்க மெத்தை. வாங்க வந்தவர்களும் விற்கிறவர்களும் அதில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்காருவோம், நடுவில் புடவைகள் மலையாகக் குவியும். வெள்ளிக்கிழமை தோறும் உறையைக் கழற்றிச் சலவைக்குப் போடுவது வழக்கம். எந்த உறையைப் போட்டாலும் வாசல் பக்கத்து ஓரத்தில் ஒரு சாண் இடம் மட்டும் சீக்கிரம் அழுக்காகிவிடும். அது என் பெரியப்பா உட்காரும் இடம். ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டு மற்றக் காலைத் தரையில் ஊன்றியபடிதான் உட்காருவார். முழுக்க ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மூட்டுவலி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்கு முதலாளி அவர்தான்.

இதை இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அவர் இருந்த காலத்தில் இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. நாங்கள் மாகறல் போகும் வழியில் ஒரு கிராமத்துக் காலனிக்காரர்கள். என் தாத்தா அந்த ஊர்ப் பெரிய வீட்டில் படியாளாக இருந்து, அந்த வீட்டுக் கழனியிலேயே மாரடைத்துச் செத்தவர். பெரியப்பா பத்தாவதோடு காஞ்சிபுரம் வந்து, ஒரு வியாபாரியிடம் புடவை மூட்டை கட்டி, பிறகு தானே துணிப்பையில் புடவைகளைச் சுமந்துகொண்டு சென்னை ஆபீஸ்களில் படியேறி இறங்கி விற்று, கடைசியில் காந்தி ரோட்டில் கடை போட்டார். செவிலிமேட்டில் மாடி வீடு கட்டினார். கார் வாங்கினார். எங்கள் சனத்தில் அந்த உயரத்தை அதுவரை யாரும் எட்டியதில்லை. அவ்வளவு உயரத்தில் ஏறிய மனிதர் கீழே பார்த்துப் பார்த்து நடுங்கிக்கொண்டே இருந்தார்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுழல் நாற்காலியில் மேனேஜர் உட்காருவார். பிள்ளையார்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்ட குடும்பத்து மனிதர், சிவந்த மேனி, நெற்றி நிறைய விபூதி. வருகிறவர்கள் நேராக அவரைப் பார்த்துத்தான் கும்பிடுவார்கள். கறுப்பாக, நெடுநெடுவென்று, மெத்தையின் ஓரத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவிடம் "கொஞ்சம் தண்ணி கொண்டாப்பா" என்பார்கள். அவரும் கொண்டுவருவார். எனக்கு உடம்பு பற்றி எரியும். பி.காம். முடித்துவிட்டுக் கடையில் பில் போட வந்த புதிதில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "இன்னாமா கொறஞ்சி போச்சி? தண்ணி குட்ச்சிட்டு பொடவ எடுத்துக்கினு போறாங்க" என்று சிரித்தார்.

முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புடவையைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் அதன் முனையில் மஞ்சள் தடவி, முதலாளி கையால் எடுத்துத் தரச் சொல்லி வாங்குவார்கள். கைராசி பார்ப்பார்கள். எங்கள் கடைக்குக் கைராசி உண்டென்று பெயர். அந்தக் கை மேனேஜருடையது. எத்தனையோ கல்யாணங்களுக்குப் புடவை போன கடையில், சொந்தக்காரரின் கையால் ஒரு முகூர்த்தப் பட்டும் போனதில்லை.

பெரியப்பா எனக்குத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுத்தது ஜரிகையைப் பற்றி இல்லை. "தெருவக் கேட்டா ஊரச் சொல்லு. ஊரக் கேட்டா பஸ் ஸ்டாண்டாண்டன்னு சொல்லு. அதுக்கும் மேல கேட்டாங்கன்னா, இரும்மா காபி சொல்லிட்டு வரேன்னு எய்ந்து போயிடு." எந்தத் தெரு என்று கேட்பது எங்கள் ஊரில் என்ன கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளர் விசாரிப்பாகத்தான் கேட்பார்கள், சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி விழும்போது பெரியப்பாவின் விரல்கள் புடவை மடிப்பில் அப்படியே நின்றுபோவதை நான் பில் மேசையிலிருந்து பார்ப்பேன்.

அவர் பயந்தது சண்டைக்கோ வசவுக்கோ இல்லை. விஷயம் தெரிந்துவிட்டால் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லமாட்டார்கள். "கலர் சரியா அமையலியே" என்பார்கள். "பார்டர் கொஞ்சம் பெருசா இருக்குது, இன்னொரு நாள் வரோம்" என்பார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். கல்யாணப் புடவை ஆயிற்றே, மனசில் ஒரு சின்ன நெருடல் இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். கொடுமை என்னவென்றால், நிஜமாகவே கலர் பிடிக்காதவர்களும் இதையேதான் சொல்லுவார்கள். அதனால் யார் வெறுங்கையோடு போனாலும் பெரியப்பாவுக்குக் கிலி பிடித்துவிடும். மேனேஜரின் அருகே போய்க் குனிந்து, "தெரிஞ்சி போச்சாண்ணே?" என்று கேட்பார். "அதெல்லாம் ஒண்ணுமில்லபா, அந்தம்மாவுக்கு மாம்பழக் கலர் வேணுமாம்" என்று அவர் சமாதானம் சொல்லுவார். நல்ல மனிதர். ஆனால் அந்தச் சமாதானம் அடுத்த ஆள் வெறுங்கையோடு படியிறங்கும் வரைக்கும்தான்.

எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் கடைப் பக்கம் வரக்கூடாது. காலனியில் கல்யாணம் என்றால் பெரியப்பா ஒரு மூட்டைப் புடவையைக் காரில் போட்டுக்கொண்டு செவிலிமேட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கட்டில்மேல் பரப்பி அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொல்லுவார். விலையெல்லாம் கேட்கமாட்டார், தாராளமான கைதான். ஆனாலும் என் அம்மா ஒருமுறை, "நம்ம கடையில குந்தி ஒரு பொடவ பாக்க நமக்குக் குடுத்து வெக்கல" என்று சொன்னபோது அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

இத்தனை காவல் காத்தவர் ஒரு ஆவணி மாதக் காலையில் எல்லாவற்றையும் தானே போட்டு உடைக்கப் பார்த்தார்.

கடை நிறைய கூட்டம். மெத்தையில் இடமில்லை. பெண் வீடும் மாப்பிள்ளை வீடுமாக ஒரு பெரிய கூட்டம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. முன்னால் வந்தவர் வெள்ளை வேட்டி, அகலக் கரைத் துண்டு, அறுபதைத் தாண்டிய வயது. பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி, மடியில் கிடந்த புடவை சரிய, மெத்தையை விட்டு இறங்கித் தரையில் நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டு அக்குளுக்குப் போயிருந்தது. வாயிலிருந்து "வாங்க ஆண்டே" என்று வந்தது.

ஆண்டே என்பது எங்கள் பக்கத்தில் படியாள்கள் பண்ணைக்காரரைக் கூப்பிடும் சொல். தாத்தாவின் வாயில் இருந்த சொல். பட்டணத்து ஆபீஸ்களில் ஏறி இறங்கிய மனிதர், இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை பேசி வெளிநாட்டுக்காரர்களுக்கே புடவை விற்றவர், அந்தச் சொல்லை இன்னும் நாக்கின் அடியில் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ரெண்டு மூன்று தலைகள் திரும்பின. பில் போட்டுக்கொண்டிருந்த பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வந்தவர் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"டேய், நீ நம்ம வூட்டு ஏரோட்டி மவன்தான? இங்க இன்னாடா பண்ணிக்கினு இருக்க?"

"இங்கதாங்க... வேலைங்க."

"மொதலாளி யாரு?"

பெரியப்பா தலையைத் திருப்பினார். ஒரு நொடி என் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை நான் இன்றைக்கும் கனவில் பார்த்து எழுந்திருக்கிறேன். பேசாதே, எழுந்து வராதே, பெரியப்பா என்று கூப்பிட்டுவிடாதே. பிறகு சுழல் நாற்காலியைக் கை காட்டினார். "அதோ, ஐயாதாங்க மொதலாளி."

அதுவரை முதலாளி யார் என்பதில் நாங்கள் யாரிடமும் வாய்திறந்து பொய் சொன்னதில்லை. வருகிறவர்கள் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், நாங்கள் திருத்தவில்லை, அவ்வளவுதான். அன்றுதான் பெரியப்பா தன் வாயாலேயே தன் கடையை இன்னொருவருக்குக் கொடுத்தார். மேனேஜரின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் எழுந்து வந்து கும்பிட்டு, "வாங்க, உக்காருங்க" என்று அவர்களை மெத்தைக்கு அழைத்துப்போனார். வேறு என்னதான் செய்வார்?

அவர்கள் வெகுநேரம் பார்த்தார்கள். பெரிய வீட்டுக்காரர் மகள்தான் மணப்பெண், ஒன்றும் பேசாமல் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா ஒருமுறைகூட மெத்தையில் ஏறவில்லை. நின்றபடியே அலமாரியிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவும் இல்லை. கடைசியில் ஓர் அரக்குப் பட்டு அமைந்தது. மேனேஜர் மஞ்சள் தடவித் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். பைகளைப் பெரியப்பா சுமந்துகொண்டு வெயிலில் செருப்பில்லாமல் காருக்குப் போனார். கார்க் கதவைச் சாத்துமுன் பெரிய வீட்டுக்காரர் சொன்னது கடைக்குள் இருந்த எனக்கே கேட்டது. "நல்ல எடத்துல வந்து சேந்துட்டடா. மொதலாளிக்கு விசுவாசமா இரு."

அவர் வேண்டுமென்று இழிவுபடுத்தினார் என்று சொல்லமாட்டேன். நல்லதாகத்தான் நினைத்துச் சொல்லியிருப்பார். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அந்தக் கல்யாணத்தால் எங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. கடைப் பெயர் கெடவில்லை, கூட்டம் குறையவில்லை. பெரியப்பாவின் பயம்தான் கூடிப்போயிற்று. வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தால் உள்ளே குடோனுக்குப் போய்விடுவார். மெத்தையின் ஓரத்தில் உட்காருவதையும் விட்டுவிட்டார். நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தார்.

என் கல்யாணத்துக்கும் செவிலிமேட்டு வீட்டுக் கட்டில்மேல்தான் புடவை பரப்பினார்கள். நான் பச்சையில் அரக்குக் கரை எடுத்தேன். அம்மா மஞ்சள் கிண்ணத்தை நீட்டியபோது பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்தார், மேனேஜரைத் தேடுகிறவர் மாதிரி. "நீங்கதான் பெரியப்பா குடுக்கணும்" என்றேன். விரலில் மஞ்சளைத் தொட்டவர் அப்படியே நின்றார். "என் கை பரவால்லியாமா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் கையால் போன ஒரே முகூர்த்தப் பட்டு அதுதான்.

கடைசியில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் குனிந்து, "எந்தத் தெரு தாத்தா?" என்று விலாசத்துக்காகக் கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "பஸ் ஸ்டாண்டாண்டமா" என்றார். செவிலிமேட்டில் அவ்வளவு பெரிய வீடு அவர் பெயரில் இருந்தது.

இப்போது கடையை நான் நடத்துகிறேன். மேனேஜரும் காலமாகிவிட்டார். சுழல் நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன், மெத்தையில் நடுவில் ஏறிச் சம்மணம் போட்டுப் புடவை காட்டுகிறேன். தொழில் செய்யும் பெண்களின் கூட்டங்களில் மேடையேற்றி, எப்படி இந்த நிலைக்கு வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். உழைப்பு என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிடுகிறேன். யாராவது புடவை எடுக்காமல் இறங்கிப் போனால் எனக்குள்ளும் அந்தக் குரல் கேட்கிறது, தெரிஞ்சி போச்சா என்று. பக்கத்தில் குனிந்து கேட்க ஆள்தான் இல்லை.

போன வாரம் ஓர் அம்மாள் மகளோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். மெத்தையில் எனக்கு எதிரே ஏறி உட்கார்ந்ததுமே, "என் கல்யாணப் பட்டு இங்கதாம்மா எடுத்தாங்க. நல்லா இருக்கறேன். அதே மொதலாளி கையால என் பொண்ணுக்கும் வாங்கணும்னு வந்தேன்" என்றார். எந்த ஊர் என்று நான் கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன். எங்கள் ஊரைச் சொன்னார். அரக்குப் பட்டு என்றார். நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த மணப்பெண்தான்.

அந்த முதலாளி இப்போது இல்லை என்றேன். அவர் வருத்தப்பட்டுவிட்டு, "எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இங்க வேல பாத்தாரே, கறுப்பா, ஒசரமா. அன்னிக்கு அவ்ளோ பேரு உக்காந்திருக்க அவரு நின்னுக்கினே எடுத்துப் போட்டாரு. பாவமா இருந்துச்சு. அவராச்சும் இருக்காரா?" என்று கேட்டார்.

காபி சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்திருக்கலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. கல்யாணக் கணக்கில் வந்திருக்கிற பெரிய வியாபாரம், அவர்கள் வீட்டில் இன்னும் எத்தனையோ கல்யாணங்கள், ஊர் முழுக்கப் பேசும் வாய்கள் எல்லாம் ஒன்றாக மனசில் ஓடின. ஆனால் சொல்லிவிட்டேன். "அவருதாம்மா மொதலாளி. அன்னிக்கும் அவருதான். நான் அவரு தம்பி பொண்ணு."

அந்த அம்மாளின் விரல்கள் புடவை மடிப்பில் நின்றன. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கலர் சரியாக அமையவில்லை என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன்.

அவர் மெதுவாக, "எங்க அப்பா அவரைப் பை தூக்க வெச்சாரே" என்றார். பிறகு மகள் எடுத்து வைத்திருந்த புடவையை என் பக்கம் தள்ளினார். "நீயே ஒங்கையால எடுத்துக் குடும்மா. ஏன் கீழ எறங்கி நிக்கற? ஏறி உக்காரு."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. வாசல் பக்கத்து ஓரத்தில், தரையில் நின்றுகொண்டிருந்தேன். என் கடையில், என் மெத்தையில், அவர் சொன்ன பிறகுதான் ஏறி உட்கார்ந்தேன்.