ஜெயமணி அக்காவின் கோபமும் ஜெபமும்

முந்தாநாள் காலையில் மூடுபனி விலகியதும் துணி காயப்போட வெளியே வந்தேன். அப்போதுதான் ஜெயமணி அக்காவின் மருமகள் கலா போனில் அழைத்தாள். "அக்கா, அத்தை போயிட்டாங்க. தூக்கத்துலயேங்க. முகத்துல ஒரு வலி இல்லைங்க." அழுகைக்கு முன் எனக்கு வந்தது ஒரு நிம்மதிப் பெருமூச்சுதான். மூச்சுத் திணறலோடு ஒரு வருடம் போராடியவர், நாங்கள் பயந்தபடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்லாமல், தம் வீட்டில், தம்மவர் நடுவே கண் மூடியிருக்கிறார்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஜெயமணி அக்கா பிள்ளைக் காப்பகத்து ஆயா. நான் அங்கே மருந்தகத்தில் நர்ஸ். கோயிலில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. அவர் குரல் உயர்ந்தால் பாட்டுக்குழுவே நிமிர்ந்து உட்காரும் என்பதை அவரோடு ஆராதித்த நீங்கள் அறிவீர்கள்.

கணவரை நோய் கொண்டுபோனது. பிறகு ஒரு மழைக்காலத்தில், ஒரே மகன் தானியேல் ஓட்டிவந்த ஜீப் வளைவில் உருண்டது. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி கலா நாடுகாணிப் பக்கத்து இந்துப் பெண். அவள் வீட்டார் கல்யாணத்துக்கே வரவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் ஆறுதல் சொல்ல வந்த போதகர், "கர்த்தர் நல்லவர்மா" என்றார். அக்கா நிதானமாகப் பதில் சொன்னார்: "நீங்க சொல்லுங்கையா. என்னால இப்பச் சொல்ல முடியாதுங்க. வேதத்துல புருசனையும் புள்ளைகளையும் பறிகொடுத்த நகோமி, தன் பேரையே கசப்புன்னு மாத்திக் கூப்பிடச் சொன்னாளே, அவதான் நான்."

விசுவாசம் போய்விட்டது என்று ஊர் பேசியது. அவர் பாடுவதை நிறுத்தியது உண்மை. ஆனால் ஒரு ஞாயிறும் அவர் இடம் காலியாக இருந்ததில்லை. வாய் திறக்காமல் இருக்க எதற்கு வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கோவமா இருக்கறேன்னு சொல்லோணும்னா கர்த்தரு ஊட்டுக்குத்தானுங்க சிஸ்டர் வரோணும்? வேற யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

கலாவை அழைத்துப்போக அவள் அண்ணன் வந்தான். அக்காவே அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தார். கலா அந்தப் பையை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். "உங்களுக்குக் காச்சல் வந்தா கஞ்சி வெக்க யாரு இருக்கா அத்தை?" என்றாள். அண்ணன் தனியாகத் திரும்பினான்.

மூன்று வருடம் போனது. தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் முருகேசன் கலாவைக் கட்டிக்கொள்ள விரும்பினான். அவளுக்கும் சம்மதம், அத்தையிடம் சொல்லத்தான் தயக்கம். விஷயம் காதுக்கு வந்ததும் அக்கா அவனை வரவழைத்தார், என்னையும் உடன் வைத்துக்கொண்டு.

"எம் பையனை நெனச்சு இவ அழுதா என்ன பண்ணுவே?" கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

அவன் சொன்னான்: "டீ போட்டுக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்துக்குவனுங்க."

தானியேல் போனபின் அன்றுதான் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "இவன் போதும் சிஸ்டர்" என்றார்.

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. கிறிஸ்தவ வீட்டு மருமகளை இந்துப் பையனுக்குக் கொடுப்பதா என்று ஒரு பெரியவர் நேரில் வந்தே கேட்டார். "நகோமி மருமகளுக்கு ஒரு வாழ்க்கை தேடிக் குடுத்ததைப் பிரசங்கத்துல கேட்டா ஆமென் சொல்றீங்க. நான் செஞ்சா மட்டும் குத்தமாங்க?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். பெரியவர் எழுந்து போனார்.

பதிவுத் திருமணம் முடிந்து அக்காவை நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எடுத்த அரிசியில் பாதியைத் திரும்பக் கொட்டிவிட்டு, ஒற்றை ஆளுக்கு உலை வைத்தார். அந்த வெறும் வீட்டில் அவரை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அரிசி வேகும் முன்பே வாசலில் ஒரு ஜீப் நின்றது. கலாவும் முருகேசனும் இறங்கினார்கள். "சாமானெல்லாம் எடுத்து வெக்கறனுங்க அத்தை. நீங்க முன்னாடி உக்காருங்க" என்றான் அவன். "புதுசாக் கட்டிக்கிட்டவங்களுக்கு நடுவுல நான் எதுக்குடா?" என்று அவனைத் திட்டிக்கொண்டே போய் முன் இருக்கையில் உட்கார்ந்தார். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் அக்கா எழுந்தார். சபையே திரும்பிப் பார்த்தது. "கசப்பு போயிருச்சுன்னு சொல்ல மாட்டனுங்க. எம் பையன் திரும்பி வரலை. ஆனா கர்த்தரு என்னை விட்டுட்டுப் போகலைன்னு சொல்லலாமுங்க." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். அன்றைய கடைசிப் பாட்டில் அவர் குரலும் இருந்தது.

நேற்று அவர் பெட்டியின் முன்பக்கத்தை முருகேசன் தோளில் சுமந்தான். கலாவின் இரு பிள்ளைகளும், அம்மாவைப் பெற்ற பாட்டியை அழைப்பதுபோல், "அம்மிச்சி" என்று அழுதார்கள்.

என் கணவர் பக்கவாதத்தில் படுத்த நாள் முதல், கடவுளிடம் அழகான வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெயமணி அக்கா அதை நிறுத்த வைத்தார். இப்போது களைப்பாக இருந்தால் களைப்பு என்கிறேன். கோபம் என்றால் கோபம் என்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஜெபத்தில் பொய் சொல்லாதிருக்கும் தைரியம்.