மூன்றேகால் பரல்

செய்தி வந்தபோது நான் ஒரு சக்கரத்தின் அச்சைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பாதி வந்து இறுகிப்போன அச்சு. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன். மறுபக்கம் தவராசா அண்ணனின் மனைவி புவனா அக்கா. "தம்பி, அவர் மோசம் போயிட்டார்" என்றார்.

நான் கேட்டது, "பைக்கிலயா?" என்று.

எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. என் கை பட்ட வண்டியா என்றுதான் கேட்டேன். "இல்ல தம்பி, கதிரையில இருந்தபடியே" என்றார் அக்கா. எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் இறந்துவிட்டார் என்பது உறைத்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் தவராசா அண்ணனைப் பற்றிப் பொய்யாக எழுத எனக்கு வராது.

பாண்டிருப்பிலிருந்து சவளக்கடை வரைக்கும் மாடு வைத்திருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். அரச வேலையில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டவர். ஊசி தவம் என்றால்தான் பலருக்கு ஆள் விளங்கும். நான் கல்முனையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கிய திமிர் அப்போது எனக்கு நிறைய இருந்தது. அவர் என்னிடம் வந்தது சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு. அதில் அவருடைய வலது மணிக்கட்டு நசுங்கிச் சரியாகப் பொருந்தாமல் ஆறியிருந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அவர் கொண்டுவந்தது ஒரு பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். தென்னந்தோட்டத்து மணலுக்குள் புதைந்து கிடந்ததாம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் இரண்டும் வளைந்து, உப்பு தின்றிருந்தது. மற்றதெல்லாம் ஏறக்குறைய நலம். பெற்றோல் டாங்கில் ஒரு நெளிவுகூட இல்லை.

இதை விட்டுவிட்டுச் சின்ன வண்டி ஒன்று வாங்குங்கள் என்றேன். அவர் சொன்னார்: "வீட்டில கிடந்த எல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டு. இத மட்டும் திருப்பித் தந்திருக்கு. ஏனெண்டு பாக்காம விடேலா தம்பி."

அவருக்குப் பழைய பொருளின் மேல் பெரிய பாசம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று பார்ப்பதுதான் அவருடைய ஆசை. உண்மையான நெருக்கடி வேறு. கந்தோரில் அவரை மேசை வேலைக்கு மாற்றியிருந்தார்கள். வண்டி ஓட்ட முடியும் என்று காட்டினால்தான் மறுபடியும் மாடுகளிடம் போகலாம். பழைய டிரம் பிரேக்கை அழுத்தும் பலம் அந்தக் கைக்கு இல்லை.

ஜப்பானிலிருந்து வரும் கழிவுச் சாமான்களுக்குள் ஒரு பந்தய ரக வண்டியின் முன்பக்கம் முழுதாகக் கிடைத்தது. ஃபோர்க், சக்கரம், இரட்டை டிஸ்க் பிரேக். இரண்டு விரலால் தொட்டாலே நிற்கும். ஃபோர்க்கை வண்டியோடு பிணைக்கும் தண்டு மட்டும் பொருந்தவில்லை. இரண்டு வண்டியின் தண்டையும் அழுத்திக் கழற்றி, பழைய தண்டைப் புதிய தாங்கியில் ஏற்ற லேத்தில் ஒரு வளையம் கடைந்தேன். ஃபோர்க் மூன்று விரல் கட்டை. அதனால் வண்டியின் மூக்கு தாழ்ந்தது. தாழ்ந்தது நல்லதா கெட்டதா என்று ஒரு வாரம் கணக்குப் போட்டேன். கணக்குச் சரியாக வந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். குழாய்க்குள் எண்ணெய் என்ன செய்கிறது, ஸ்பிரிங் இருக்கும்போது எண்ணெய் ஏன், எண்ணெய் இல்லாவிட்டால் வண்டி எத்தனை தரம் குதிக்கும். நான் எரிந்து விழுந்தேன். உங்களுக்குப் பிரேக் வேணுமா பாடம் வேணுமா என்று கேட்டேன். "ரெண்டும்" என்றார்.

ஓடிப் பார்க்க என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சவளக்கடைக்குப் போனார். அங்கே ஒரு பசுவின் தோளில் என் கையை எடுத்து வைத்தார். பசு ஒரு அடி நடந்தது. தோள் எலும்பு தோலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு மேலே போய்க் கீழே வந்தது. "முன்னங்கால் எலும்போட எலும்பாப் பொருந்தல்ல தம்பி. தசையில தொங்குது. பாரத்தில கூடப் பங்கு முன்னுக்குத்தான். அதான் மாட்டுக்கு ஷொக் அப்சோர்பர்" என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரி. நான்கு வருடம் படித்த எனக்கு ஃபோர்க்கைப் பற்றி இப்படி ஒரு யோசனை வந்ததேயில்லை.

கந்தோரில் வண்டியை ஓட்டிக் காட்டினார். மாடுகளிடம் திரும்பினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். வண்டி நன்றாக நிற்கிறது, ஆனால் திரும்பவில்லை என்றார். பந்தய வண்டிக்கு வட்டமடித்துத் திரும்ப வேண்டிய தேவை இல்லை. அதன் கைபிடி கொஞ்சம்தான் வளையும், அதற்கு மேல் ஃபோர்க் டாங்கில் முட்டும். வீதியில் போகிறவருக்கு அது போதும் என்றேன். அவருக்குப் போதவில்லை. வயல் பக்கம் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. உங்களுக்குத் தெரியும், இறங்கி, மண் நிரப்பிய தார்ப் பரல்களுக்கு, அந்த இரும்புப் பீப்பாய்களுக்கு, நடுவே வளைத்து வளைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவருடைய வண்டி இரண்டாவது பரலில் சிக்கியது. அந்தக் கையோடு பின்னால் இழுத்து முன்னால் தள்ளி நிற்க, பின்னால் வரிசை சேர்ந்தது, முன்னால் நின்ற சிப்பாய்கள் சத்தம் போட்டார்கள். ஒவ்வொரு நாளும்.

இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன். தெரியாது என்றார். "அளவு தெரியாம நான் எப்பிடிச் செய்ற? அளந்துகொண்டு வாங்க" என்று டேப்பைக் கையில் கொடுத்தேன்.

என்னுடைய அடையாள அட்டையைப் பார்த்து முஸ்லிம் பெயரைப் படித்து அனுப்பிவிடுவார்கள். அவருடையதைப் படித்தால் ஒரு பக்கம் நிற்கச் சொல்லி, எந்த ஊர், எதற்கு, ஊசிப் பெட்டியைத் திற என்பார்கள். அந்தச் சாவடியை நாங்கள் இருவரும் ஒரே வீதியில் கடந்தோம், ஒரே மாதிரிக் கடக்கவில்லை. யுத்தம் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு தமிழரிடம் டேப்பைக் கொடுத்துச் சாவடியை அளந்து வரச் சொன்னேன். எனக்கு அது உறைக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது ஒரு எண்.

அடுத்த நாள் லுஹர் தொழுகை நேரம் தாண்டியதும் புவனா அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். காலையில் போனவர் கந்தோருக்கும் போகவில்லை, எந்த மாட்டுக்காரரும் அவரைக் காணவில்லை. "என்னத்தக் குடுத்து அனுப்பின நீங்க?" என்று கேட்டார். டேப் என்றேன். அவர் அந்த வாங்கில் இருந்துவிட்டார். கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வேலை எதுவும் கையில் நிற்கவில்லை.

பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகு வண்டிச் சத்தம் கேட்டது. முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. களவாக அளக்கப் போய் மாட்டியிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. அவர் போய்த் தன்னுடைய அரைகுறைச் சிங்களத்தில், அளக்கலாமா என்று அனுமதி கேட்டிருக்கிறார். காலை முதல் மணல் மூட்டையின் மேல் வெயிலில் இருத்திவைத்துவிட்டார்கள். பால் கொண்டுபோன சவளக்கடைக்காரர் ஒருவர், இவர் எங்கள் மாட்டு ஊசிக்காரர் என்று நின்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"டேப்ப எடுத்துட்டாங்க தம்பி. அளவு என்னட்டக் கிடக்கு."

பிறகு விளக்கினார். "ரெண்டு பரலுக்கு நடுவில மூணேகால் பரல் வைக்கலாம். நாள் முழுக்க அதத்தானே பாத்துக்கொண்டிருந்தன். பரல் எல்லா இடத்திலயும் ஒரே பருமன். உங்கட முத்தத்திலயும் ஒண்டு கிடக்கு, அளங்க."

"உங்களுக்கு விசர்" என்றார் அக்கா.

"ஓம். நீ என்னக் கட்ட முதலே தெரியுந்தானே" என்றார் அவர். அக்கா அப்போதுதான் அழுதார்.

நான் இன்னும் இரண்டு பரல் தேடிக் கொண்டுவந்து, முற்றத்தில் மூன்றையும் அந்த இடைவெளியில் வைத்து வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். கைபிடியைத் தடுக்கும் இரும்பை அரைக்க வேண்டும்; ஃபோர்க் வந்து உட்கார டாங்கின் இரு பக்கமும் தட்டிப் பள்ளமாக்க வேண்டும். கடல்கூடத் தொடாத டாங்க். எனக்கே கை வரவில்லை. மரச்சுத்தியலோடு நின்றேன். "கடல் போட மறந்த நெளிவு, நீங்க போடுங்க" என்றார். இரண்டு பக்கமும் போட்டேன். வண்டி மூன்று பரலையும் ஒரே வளைவில் தாண்டியது. கணக்கில் அது கொஞ்சமும் அழகில்லாத வேலை. நான் செய்ததில் சரியான வேலை அதுதான்.

யுத்தம் முடிந்து பரல்களை எடுத்த பிறகு ஒரு நாள் வந்தார். சாவடி இருந்த இடத்தில் பழக்கத்தில் இறங்கிவிட்டாராம். வெறும் வீதியில் வளைத்து வளைத்துத் தள்ளிக்கொண்டு போய், பாதியில்தான் விளங்கியதாம். சொல்லிச் சிரித்தார். பிறகு டாங்கைத் தடவிக்கொண்டு, "இனி இந்தப் பள்ளத்தப் பாக்கிறவன் என்ன நினைப்பான் தம்பி?" என்று கேட்டார். யாரோ விழுத்தியிருக்கிறான் என்று நினைப்பான் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. யோசித்துக்கொண்டே போனார்.

செத்த வீட்டில் அந்த வண்டி பந்தலுக்கு வெளியே நின்றது. வந்திருந்த ஒரு பையன் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்து, விழுந்த வண்டி போல என்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன். அது விழுந்த வண்டி இல்லை.

அந்த மன்னிப்பை நான் கேட்கவேயில்லை. எனக்கு மிச்சம் இருப்பது முற்றத்தில் நிற்கும் மூன்று பரல்கள். எந்த வண்டியின் முன்பக்கத்தை மாற்றினாலும், அவற்றுக்கு நடுவே தள்ளிப் பார்க்காமல் உரியவரிடம் கொடுப்பதில்லை. சாவடிதான் இல்லையே, இது என்னத்துக்கு என்று கேட்கிறார்கள். எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை. பேசாமல் தள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மழைக்குப் பரல்கள் கொஞ்சம் சரியும். அவற்றை நிமிர்த்தி வைக்க டேப் தேவைப்படுவதில்லை. அளவு என்னிடம் இருக்கிறது.