விளக்கை மறைத்த அந்தோனியார்

குருநகர் நீக்கிலாப்பிள்ளை முப்பது வருசமாக வாடகைக்குக் கார் ஓடுகிறவர். பத்து நாளாக அவருடைய காரில், ரயரில் காற்றுக் குறைவு என்று காட்டும் மஞ்சள் விளக்கு அணையவேயில்லை. அளந்து பார்த்தால் காற்றுச் சரியாகத்தான் இருந்தது. பட்டினத்துப் பெரிய கராச்சில், "நாலு சில்லுக்குள்ளையும் காத்தளக்கிற சென்சரை மாத்தவேணும். சாமான் கொழும்பிலையிருந்து வரவேணும். காரை ஒரு கிழமைக்கு விட்டிட்டுப் போங்கோ" என்றார்கள். சனிக்கிழமை கலியாணப் பொம்பிளையை ஏற்றவேண்டிய காரை எப்படி விடுவது? விளக்கின் மேல் அந்தோனியார் படமொன்றை ஒட்டிவிட்டார்.

காரில் ஏறியதுமே அதைக் கண்டுவிட்டாள் மனைவி யோசப்பின்.

"இஞ்சருங்கோ, உண்மையாக் காத்துப் போனால் அந்தோனியாரே இறங்கிவந்து சொல்லுவார்? என்ரை தம்பி தன்ரை வானைக் காட்டின கடை இணுவிலிலை இருக்கு. அங்கை விடுங்கோ."

இணுவில் ரயர்க் கடைக்காரர் கேதாரநாதன் எதையும் கழற்றவில்லை. சின்னக் கருவியொன்றை ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை, மூண்டு கதைக்குது. பின்பக்கத்து இடது சில்லுத்தான் ஊமை. சென்சருக்குள்ளை பற்றறி செத்துப்போச்சு. அந்த ஒண்டை மட்டும் மாத்தினால் காணும். அது என்னட்டையே கிடக்கு."

"நாலும் எண்டெல்லோ சொன்னவை?"

"சோதிச்சுப் பாத்தே சொன்னவை?"

யோசப்பினுக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு மணித்தியாலத்தில் விளக்கு அணைந்தது. பட்டினத்தில் கேட்டதில் கால்வாசிக் காசுகூடப் போகவில்லை. நீக்கிலாப்பிள்ளை படத்தைப் பக்குவமாக உரித்து, முன் கண்ணாடியின் மேல் மூலையில் ஒட்டினார்.

"ஓம், அதுதான் நல்லது" என்றாள் யோசப்பின். "பாவம், பத்து நாளா அவருக்கு றோட்டே தெரிஞ்சிராது."