எட்டு கோட் பச்சை

துரு என்பது ஒரு பூச்சி மாதிரி. மேலே பெயின்ட் அடித்து மூச்சை அடைத்துவிட்டால் செத்துப்போகும்... ஐம்பத்திரண்டு வயது வரை இப்படித்தான் நம்பினேன். சிரிக்காதீர்கள் — உங்கள் வீட்டு கேட்டுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஆயுத பூஜை வந்தால் காக்களூர் தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட் மெஷின்களுக்கெல்லாம் பச்சை பெயின்ட் அடிப்போம். சுரண்டுவது கிடையாது. எண்ணெய், பிசுக்கு, துரு — எல்லாவற்றின் மேலும் ஒரே பூச்சு. அதன் மேல் சந்தனம், குங்குமம். மிஞ்சிய டப்பா என்னோடு மணவாள நகர் வீட்டுக்கு வந்துவிடும். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்கைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுக்கு நானே அடிப்பேன். எட்டு வருஷம், எட்டு கோட். பளபள!

போன ஞாயிறு காலை, துணி காயப்போடும் கொடிக் கம்பிக்குக் கொக்கி வைக்க வெல்டர் ஏழுமலை வந்தார். போகிற போக்கில் ஸ்டாண்டின் காலைச் சுத்தியலால் தட்டினார். 'டங்' என்று கேட்கவில்லை. 'பொத்'தென்று சுத்தியல் உள்ளே போனது.

"இன்னா சார் இது? பெயின்ட்டுதான் நிக்குது. இரும்பு எப்பவோ பூட்ச்சி!"

ஆயிரம் லிட்டர். ஒரு டன். அதுவும் மாடி விளிம்பில். நேர் கீழே பக்கத்து வீட்டு சரோஜாக்கா போர்வை துவைத்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன்? பாய்ந்துபோய் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு டன்னை என் தொப்பை தாங்குமாம்! "யாராவது வாங்க, நான் புட்ச்சினு கீறேன்!" என்று அலறல் வேறு.

ஓடிவந்தாள் என் மனைவி கலா. "உட்டுட்டு எட்ட வாங்க! நீங்க புட்ச்சா நிக்குமா? ஏழுமலைண்ணே, கீழ போய் எல்லா கொழாயையும் தொறந்து உடுங்க!"

சரோஜாக்கா அண்ணாந்து பார்த்தார். "இன்னா கலா, உங்க ஊட்டுக்காரரு டேங்க்கோட டான்ஸ் ஆடிக்கினு கீறாரு?"

"டான்ஸு முடிஞ்சா உன் தலையிலதான்க்கா வுழும்! ஓடு!"

அக்கா ஓடினார். போர்வை அங்கேயே கிடந்தது.

தண்ணீர் வடியக் காத்திருந்தபோதுதான் கோபம் வந்தது... என் மேல்தான், வேறு யார் மேல்? ஒரு துணியால்கூடத் துடைக்காமல் பெயின்ட்டை அப்பிவிட்டு, அதற்குப் 'பராமரிப்பு' என்று பெயர் வைத்தவன் நான். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எத்தனை ஏணி, எத்தனை கைப்பிடி இப்படிப் பளபளத்துக்கொண்டு நிற்கிறது? அதையெல்லாம் நம்பி எத்தனை பேர் கால் வைக்கிறார்கள்? என்ன திமிர் நமக்கு!

திரும்பி வந்த ஏழுமலையிடம் கேட்டேன். "மேல அடிச்சா துரு சாவாதா?"

"எங்க சார் சாவும்? உள்ள குந்திக்கினு துன்னும். கம்பி பிரஷ்ஷால இரும்பு பளிச்சுனு தெரியறவரிக்கும் சொரண்டணும். அன்னிக்கே துரு புடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கணும். அப்பாலதான் உங்க பச்ச."

"இத்தனை வருஷமா வந்துபோறியே, சொல்லக் கூடாது?"

"கொக்கி வெக்கக் கூப்ட்டா கொக்கி வெப்பேன். அதுவும் நீங்க பெயின்ட் அடிக்கச்சொல்லோ யாராச்சும் பேச முடியுமா சார்?"

டேங்க் காலியானது. ஏழுமலை கயிறு கட்டி ஸ்டாண்டை மாடியின் உட்பக்கமாக லேசாக இழுத்தார். நாலு காலில் மூன்று முறிந்தன.