ஏறாத ஊசி

ரேடியேட்டர் மாற்றிய முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. சூட்டைக் காட்டும் ஊசி அடிக்கோட்டை விட்டு எழும்பவே இல்லை. எங்கள் ஊர் சுங்கை ரம்பாயிலிருந்து மலாக்கா டவுன் பக்கம் பாச்சாங் வரை உச்சி வெயிலில் ஓட்டினாலும் அது பாட்டுக்குப் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்த மனைவியிடம், "பாத்தியா, ஐஸ் பெட்டி மாதிரி ஓடுது" என்று பெருமையடித்துக்கொண்டேன். அவள் ஊசியைப் பார்த்தாள், பிறகு சாலையைப் பார்த்தாள்.

அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து நான்கு வருடம் ஆகிறது. பாச்சாங்கில் இருக்கும் நிலையத்தில் பதினொரு மணிக்கு அவளுடைய முறை. நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். இங்கே அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க நானும் இந்தப் பழைய காரும்தான்.

ரேடியேட்டர் மாற்றுவதற்கு முந்தின வாரம் மெர்லிமாவ் தாண்டியதும் கார் கொதித்து நின்றுவிட்டது. பழைய ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்துப் பாதி அடைத்துப்போயிருந்தது. குழாய்த் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றினால் வேறென்ன ஆகும்? பானெட்டிலிருந்து ஆவி பறக்க, அவளைக் குடையோடு பஸ் நிறுத்தத்தில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீருக்கு வீடு வீடாக அலைந்தேன். நிலையத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டரையைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆள் மூன்று மணிக்கு வருவார் என்று தாதி சொன்னாள். கிடைத்தது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வெளியேறாத நீர் உடம்பிலேயே நின்றது. மறுநாள் முகம் வீங்கியது, கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் நியாயம் தெரியாது. அன்று அந்தக் கோபம் ரேடியேட்டர் மேல் வந்தது. குருபோங்கில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். இருபது வருடப் பழக்கம், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். "இருக்கறதுலயே பெருசா, தடிப்பா ஒன்னு போடு. இனிமே இது கொதிக்கவே கூடாது" என்றேன்.

"அண்ணே, பழைய சைஸே போதும்லா. தண்ணிக்குப் பதிலா கூலண்ட் மட்டும் ஒழுங்கா ஊத்துங்க, துருப்புடிக்காது."

"இருபத்தெட்டு வருஷம் தோட்டத்து லோரி ஓட்டுனவன்கிட்ட பாடம் சொல்றியா? சொன்னதச் செய்."

செய்தான். இரட்டை வரிசை அலுமினிய ரேடியேட்டர், பளபளவென்று. முன்னால் இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு.

இரண்டாவது வாரம் வினை தொடங்கியது. காலையில் எஞ்சினை முடுக்கினால் சூடேறுவதற்காக உறுமுமே, அந்த உறுமல் பாச்சாங் போய்ச் சேரும்வரை அடங்கவில்லை. பின்னால் கரும்புகை வந்தது. பெட்ரோல் தண்ணீராய்ச் செலவழிந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மோந்தால் அதிலும் பெட்ரோல் வாடை. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கார் பெட்ரோலை அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வாடை உள்ளே வந்தது. கண்ணாடியை இறக்கினால் லோரிப் புகை, ஏற்றினால் பெட்ரோல். என் மனைவி பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்ய ஆரம்பித்தாள். வாந்தி எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கக்கூட யோசிப்பாள். நாளுக்கு இரண்டு குவளைத் தண்ணீர்தான் அவளுக்கு அனுமதி. கொப்பளிக்கும்போது ஒரு வாய் உள்ளே இறங்கிவிடும் என்று அவளுக்கே அவள்மேல் நம்பிக்கையில்லை. ஈரத் துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன்.

மெக்கானிக்கிடம் போக எனக்கு மனம் வரவில்லை. அவன் வேண்டாம் என்றதைத்தானே செய்யச் சொன்னேன். அதனால் நானே நோண்டினேன். முதலில் ஊசிதான் பொய் சொல்கிறது என்று நினைத்து சென்சரை மாற்றினேன். புது சென்சரும் அதையே சொன்னது. பிறகு விசிறியின் வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஊசி லேசாகத் தலை தூக்கும், கார் ஓட ஆரம்பித்து காற்று அடித்ததும் மறுபடி படுத்துக்கொள்ளும். கடைசியில் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி ரேடியேட்டருக்கு முன்னால் பாதி மறைத்துக் கட்டினேன். பெரிசாக வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியதை அட்டையால் மூடிக்கொண்டு திரிந்தேன். யாராவது பார்த்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள்.

அந்த அட்டையோடுதான் ஒரு நாள் மெர்லிமாவ் சிக்னலில் எஞ்சின் செத்தது. பிளக் எல்லாம் பெட்ரோலில் நனைந்து கரி பிடித்திருந்தது. துடைத்துப் போட்டுக் கிளப்புவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் என்றாலே அது கோபமாகத்தான் வெளியே வரும்.

அடுத்த முறை ஏழு மணிக்கே கிளம்பி, அவளையும் கூட்டிக்கொண்டு நேராகக் குருபோங் போனேன். பட்டறை வாசலிலேயே கத்தினேன். "என்ன ரேடியேட்டர்டா போட்ட? கண்ட சாமானப் போட்டு ஏமாத்திட்டியா? இவ உயிரோட வெளையாடறியா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. என் மனைவிக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு, "அண்ணி, உக்காருங்க" என்றான். பானெட்டைத் திறந்து ஒரு மணி நேரம் ஆறவிட்டான். பிறகு எஞ்சினைக் கிளப்பி என் கையை இழுத்து மேல் குழாய் மேல் வைத்தான்.

"புடிங்கண்ணே. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம்கூட ஆவல. எஞ்சின் சூடு ஏறி வால்வு தொறக்கற வரைக்கும் இந்தக் குழாயி ஜில்லுனு இருக்கணும். இப்பவே வெதுவெதுன்னு தண்ணி ஓடுது பாருங்க."

எஞ்சினை அணைத்து, குழாய் சேரும் இடத்தில் இருந்த மூடியைக் கழற்றினான். உள்ளே தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைக்கும் சின்ன வால்வு அது, உள்ளங்கையில் அடங்கிவிடும்.

"பழைய ரேடியேட்டரு அடச்சிருந்ததால இவ்வளவு நாளா தெரியல. புதுசு நல்லா வேல செய்யுது, அதான் எஞ்சின் குளுந்து போவுது. இத யாருண்ணே கழட்டுனது?"

தோட்டத்தில் புது லோரி வந்தால் டிரைவர்கள் நாங்கள் செய்யும் முதல் வேலையே அந்த வால்வைக் கழற்றி எறிவதுதான். வெள்ளைக்காரன் தன் ஊர்க் குளிருக்கு வைத்தது, நம் வெயிலுக்கு எதற்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். இந்தக் காரை வாங்கிய வாரமே வீட்டு வாசலில் வைத்துக் கழற்றி வடிகாலில் வீசியது நான்தான். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தவள் என் மனைவி.

"நான் செகண்ட் ஹேண்டா வாங்குன காரு. பழைய ஓனரு கழட்டியிருப்பான்" என்றேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மெக்கானிக் தலையாட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் புது தெர்மோஸ்டாட் வாங்கி வந்து மாட்டினான். அரை மணி நேர வேலை. அவனிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் வண்டியை எடுத்தேன்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது அது இரண்டாவது முறை. முதல் முறையைச் சொல்லாமல் இதை எழுதி முடித்தால் நான் அயோக்கியன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அரசாங்க கிளினிக்கில் அவளுக்கு ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்தார்கள். அவளுக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, கோழி வளர்த்துக்கொண்டு ஓடியாடித் திரிந்தாள். கோப்பிக் கடையில் எல்லோரும் பேசுவதைத்தான் நானும் வீட்டில் வந்து பேசினேன். "ஒடம்புல ஒன்னும் இல்லாதப்ப மாத்திர எதுக்கு? இதத் தின்னு தின்னுதான் எல்லாருக்கும் கிட்னி போவுது." சொன்னதோடு விடவில்லை, மாத்திரை அட்டைகளை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். அவள் தயங்கினாள், பிறகு என் பேச்சைக் கேட்டாள். அவளுடைய சிறுநீரகம் வெளியே தெரியாமல் கெட்டுக்கொண்டே வந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு மலாக்கா மருத்துவமனையில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று சொன்ன அன்று, அங்கிருந்த பெண் டாக்டர் கேட்டாள்: "ப்ரஷருக்கு மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"மறந்து மறந்து போயிருவேன் டாக்டர்" என்றாள் என் மனைவி.

மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் அவளைத் திட்டித் தீர்த்தாள். இத்தனை அலட்சியமா, குடும்பத்தைப் பற்றி நினைக்கவில்லையா என்று கேட்டாள். நான் பக்கத்தில் நின்று சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிப்பதுபோல நடித்தேன்.

குருபோங்கிலிருந்து பாச்சாங் போகும் வழியில் ஊசி மெல்ல ஏறியது. பாதிக்கு வந்ததும் நின்றது. காற்று அடித்தும் இறங்கவில்லை. உறுமல் அடங்கிவிட்டது, வாடையும் குறைந்திருந்தது. என்னை மீறி எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

"பாத்தியா, எடத்துல வந்து நின்னுருச்சு. சின்ன வால்வு, தூக்கிப் போட்டுட்டோம், திரும்ப வாங்கிப் போட்டாச்சு, சரியாப் போச்சு" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் ஊசி ஏறும் கையை மறு கையால் பிடித்திருந்தாள்.

"காருக்குத் திரும்ப வாங்கிப் போட்டுறலாம்ங்க" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டு ஓட்டினேன். பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நிலையத்து வாசலில் அவளை இறக்கிவிட்டேன்.